மலையில்லாத கரையில் ஹாம் வானொலி: ராமநாதபுரத்துத் தன்னார்வலர்களுக்கு

ஹாம் வானொலி என்பது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்கள் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசும் வானொலி; புயலில் போன் அறுந்தால் செய்தி கடத்த அது உதவும். ராமநாதபுரம் கடற்கரையில் அப்படிப்பட்ட அவசரத் தொடர்புக் குழுவில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த செட் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) வாங்கலாம் என்று. அதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். எங்கே உட்காரப் போகிறீர்கள்? ஆன்டெனா எவ்வளவு உயரத்தில்? உங்களுக்கு அடுத்த ஆள் எந்த ஊரில்?

எஸ்.பி.பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவு; தெற்கே திரும்பினால் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இவ்வளவு நீளக் கரையில் சொல்லிக்கொள்ளும்படியான மலை கிடையாது. பனை, சவுக்கு, மாடிவீடு, புயல் பாதுகாப்பு மையம், இவைதான் நமக்குக் கிடைக்கும் உயரம். நாம் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை (வி.எச்.எஃப், இரண்டு மீட்டர் அலைவரிசை என்பதும் இதுவே) ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். வாட் கூட்டினால் அடிவானம் தள்ளிப்போகாது. அதனால் இங்கே வேலை செய்வது பெரிய செட் இல்லை, இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களின் சங்கிலிதான்.

கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். எதிர்முனைக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். ஆள் உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில் பிடித்த இரண்டு ஹேண்டிகளுக்கு (கையடக்க செட்டுகளுக்கு) கணக்குப்படி 10 கிலோமீட்டர். சீமைக்கருவேலக் காடும் வீடுகளும் குறுக்கே நின்றால் நடப்பில் 3 கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது. இரு முனையிலும் ஆன்டெனா 12 மீட்டரில் நின்றால் 28 கிலோமீட்டர் வரும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலைவழி 55 கிலோமீட்டர் அளவு. நேரடியாக எட்டாது. உச்சிப்புளியில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று என இரண்டு நிலையங்கள் நடுவே இருந்தால் ஒவ்வொரு தாவலும், அதாவது ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் தூரமும், கைக்கு அடங்கும். தனுஷ்கோடிப் பக்கம் போக ராமேஸ்வரத்திலிருந்து இன்னொரு தாவல். தெற்குக் கரைக்குக் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. வரைபடத்தை விரித்து ஒவ்வொரு தாவலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எந்தக் கட்டிடத்து மாடி திறந்து கிடைக்கும், சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். சாவி விவரம் இல்லாத திட்டம் புயல் இரவில் பூட்டிய கதவின் முன்னால் நின்றுவிடும்.

மலையுச்சி ரிப்பீட்டரை, அதாவது வந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் தானியங்கி நிலையத்தை, நம்பலாமா? கொடைக்கானல் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இயங்கினால், மாடியில் ஆன்டெனா வைத்த ராமநாதபுரத்து நிலையத்துக்குக் கணக்குப்படி அது எட்டும். கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கேயும் மின்சாரம் போகும், இடி விழும். ரிப்பீட்டர் இல்லாமல் நேரடி அலைவரிசையில் சங்கிலி நிற்கிறதா என்பதுதான் சோதனை.

இந்தக் கரையில் புதியவர்களை ஏமாற்றும் ஒன்று உண்டு. பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்த நாட்களில் கடல்மேல் வெப்பக்காற்று அடுக்காகப் படிந்து வி.எச்.எஃப் அலையைக் குழாய்க்குள் போவதுபோல வெகுதூரம் கடத்தும். இலங்கை நிலையங்கள் பக்கத்து வீடு மாதிரிக் கேட்கும். ஹேண்டியிலேயே 100 கிலோமீட்டர் பேசிவிட்டோம் என்று மகிழ்ந்து, நடுவிலிருக்கும் நிலையம் தேவையில்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள். வாடைக்காற்று எழுந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். கோடையில் கிடைத்த தூரத்தை ஐப்பசியில் எதிர்பார்க்காதீர்கள். சங்கிலிச் சோதனையை அக்டோபரில், காற்றுள்ள நாளில், இரவில் வையுங்கள்.

உரிமமும் அனுமதியும்

இது எல்லைக் கடற்கரை. உரிமம் இல்லாமல் செட் வைத்திருப்பதும் பேசுவதும் குற்றம் என்பதோடு, இங்கே அது பெரிய விசாரணையாகவும் மாறும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி பிரிவுதான் தேர்வு வைத்து உரிமம் தருகிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. 12 வயது நிறைந்தவர் எழுதலாம். உரிமத்தில் இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறி) தேவையில்லை; ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். தேர்வு முடிந்து உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் புயல் பருவத்துக்கு வெகுமுன்பே தொடங்குங்கள். உரிமம் வரும்வரை கேட்பது, எழுதுவது, ஆன்டெனா கட்டுவது என்று செய்ய நிறைய இருக்கிறது. நன்றாக எழுதும் ஆள் கிடைப்பது பேசும் ஆள் கிடைப்பதைவிட அரிது.

சாதாரண நாளில் பிறருக்கான செய்தியை ஹாம் நிலையம் சுமக்கக் கூடாது. பேரிடர் நேரத்தில்தான் அதற்கு இடம் உண்டு. ஆகவே மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்குக் குழுவின் பெயர்ப்பட்டியல், அழைப்புக்குறிகள் (உரிமத்தோடு வரும் நிலையப் பெயர்கள்), உட்காரும் இடங்கள் எல்லாவற்றையும் பருவத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஒவ்வொரு நகல். மண் மேட்டில் ஆன்டெனாவும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருப்பவர் யாரென்று ரோந்து வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உரிம நகலைப் பிளாஸ்டிக் உறையில் உடம்போடு வைத்திருங்கள்.

கடலில் உள்ள படகோடு பேசுவது நம் வேலை இல்லை. படகுகளின் கடல்சார் வி.எச்.எஃப் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நமக்கு 144 முதல் 146 வரைதான். படகு திரும்பவில்லை என்று குடும்பத்தார் வந்து நின்றால் படகின் பதிவு எண், பெயர், நிறம், எத்தனை பேர், வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எப்போது கிளம்பியது என்று எழுதி வாங்கி, கடலோரக் காவல்படைக்கும் மீன்வளத் துறைக்கும் போய்ச் சேரச் செய்யுங்கள். போன் வேலை செய்தால் கடலோரக் காவல்படைக்கு 1554 நேரடி வழி.

ஆன்டெனா

இரண்டு மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலை கிரவுண்ட் பிளேன் போதும்: அலைநீளத்தில் கால்பங்கு உயரத்தில் நிற்கும் ஒரு கம்பி, அதன் அடியில் சுற்றிலும் நான்கு கம்பிகள். வீட்டிலேயே செய்யலாம். கேபிள் மாட்டும் எஸ்.ஓ-239 சாக்கெட் ஒன்று, 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி 5 துண்டு. நடுக்கம்பி 49 சென்டிமீட்டர், சுற்றிலும் நான்கு கம்பிகள் 52 சென்டிமீட்டர். நான்கையும் 45 பாகை கீழ்நோக்கி வளைத்தால் செட்டும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். நடுக்கம்பியை 50 சென்டிமீட்டருக்கு வெட்டிப் பொருத்தி, எஸ்.டபிள்யூ.ஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது) அளந்தபடி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறையுங்கள். அலுமினியத்தையும் பித்தளையையும் சேர்த்துத் திருகாதீர்கள். உப்புக்காற்றில் இரண்டும் ஒட்டும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப்பொடியாகும். திருகாணி எல்லாம் 316 ரக எவர்சில்வர். ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனா தூரம் கூட்டித் தரும். ஆனால் புயற்காற்றில் திரும்பிவிடும், அப்புறம் யாரும் மாடியேறித் திருப்ப முடியாது. முனை நிலையங்களுக்கு யாகி வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேபிளில் சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல. மெல்லிய ஆர்.ஜி-58 கேபிள் 20 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் 4 டெசிபல் தின்றுவிடும். செட் 25 வாட் தந்தால் ஆன்டெனாவுக்கு 10 வாட் போகும். அதே நீளம் தடித்த ஆர்.ஜி-213 என்றால் 16 வாட்டுக்கு மேல் மிஞ்சும். கேட்பதிலும் அதே இழப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள். தூரத்து ஹேண்டியின் மெலிந்த குரல் போவது பெரும்பாலும் இந்தக் கேபிளில்தான்.

உப்பு நம் முதல் எதிரி. கனெக்டரைத் திருகியதும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி டேப். சுற்றுவது கீழிருந்து மேலாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மேல்சுற்றும் கீழ்ச்சுற்றின்மேல் படிந்து மழைநீர் வெளியே வழியும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரைப் பிடித்துவைக்கும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மீட்டர் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. நீர் புகுந்த கேபிள் திரும்பிவரும் அலையையும் விழுங்கிவிடுவதால் எஸ்.டபிள்யூ.ஆர் 1.2 என்று அருமையாகக் காட்டும். ஆன்டெனாவுக்கு ஒன்றும் போயிருக்காது. சோதிக்க ஒரு வழி: மேல்முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கீழே நானோ வி.என்.ஏ போன்ற சிறு அளவுமானியால் பாருங்கள். செட்டால் பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள், இறுதி டிரான்சிஸ்டர் போய்விடும். 20 மீட்டர் நல்ல ஆர்.ஜி-213 என்றால் 145-இல் எஸ்.டபிள்யூ.ஆர் 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 3-க்குக் கீழே வந்தால் கேபிள் கெட்டுவிட்டது. முனையை வெட்டிப் பாருங்கள், செம்பு வலை களிம்பேறிப் பச்சையாகவோ கறுத்தோ இருக்கும். அரை மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லையென்றால் மொத்தக் கேபிளையும் மாற்றுங்கள்.

மதுரைக்கோ சென்னைக்கோ பேசக் குறுகிய அலை வேண்டும். பகலில் 40 மீட்டர் அலைவரிசை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் (நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனாவின்) மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். இதை உயரத்தில் கட்டத் தேவையில்லை, கட்டவும் கூடாது. 4 முதல் 8 மீட்டர் உயரத்தில் நடுவில் ஒரு சவுக்குக் கம்பு, இரு முனைகள் தாழ்ந்து. அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழைபோலக் கீழே இறங்கும். மலையில்லாத குறை இங்கே ஒரு பொருட்டே இல்லை. புயல் உச்சத்தில் கம்பு நிற்காது என்று தோன்றினால் கம்பியை 2 மீட்டருக்கு இறக்கிவிடுங்கள். குரல் கொஞ்சம் மெலியும், ஆனால் தொடர்பு அறாது. தாழ்த்தினால் ஆன்டெனா ஒத்ததிரும் மெகாஹெர்ட்ஸ் கீழே நகரும் என்பதால் முனைகளில் ஒரு சாண் மடித்துக் கட்டும்படி விட்டு வையுங்கள்.

பொழுது சாய்ந்தபின் 7 மெகாஹெர்ட்ஸ் கைவிடும். மேலே போன அலை திரும்பாமல், ராமநாதபுரத்துக்கு மதுரை கேட்காது, டெல்லி கேட்கும். அப்போது 80 மீட்டருக்கு மாற வேண்டும். 3.6-க்கு டைபோல் 39.7 மீட்டர், அதற்கு இடம் பார்த்து வைக்க வேண்டும். காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போவதால் இரவு தொடங்கியதும் இரண்டு மூன்று மணி நேரம் குரல் படபடத்துத் தேய்வதும் இங்கே வழக்கம். முக்கியமான வெளியூர்ச் செய்திகளை மாலை 5 மணிக்குள் அனுப்பி முடித்துவிடுவது நல்லது.

பனை மரத்தைக் கம்பமாகப் பயன்படுத்தலாம். புயலில் நிற்கும் மரம் அது. மரம் ஆடும், கம்பி அறும். ஆகவே கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு மறுமுனையில் 5 கிலோ மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும். ஏறுவதைப் பனையேறிகளிடம் விடுங்கள். எந்தக் கம்பமும் விழுந்தால் மின்கம்பிமேல் படாத தூரத்தில் இருக்க வேண்டும். கம்ப உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நடுங்கள். இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரம் நெட்டில் (எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசும் கூட்டத்தில்) ஹேண்டி மட்டும்.

பேட்டரி

25 வாட் வி.எச்.எஃப் செட் பேசும்போது 7 ஆம்பியர், கேட்கும்போது அரை ஆம்பியர் அளவு எடுக்கும். மணிக்குப் 10 நிமிடம் பேசினால் ஒரு நாளைக்கு 38 ஆம்பியர்-மணி. நெட்டை நடத்தும் நிலையம் மணிக்கு 25 நிமிடம் பேசும், அதற்கு 77. ஈயப் பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்கலாம். 100 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரண நிலையத்துக்கு ஒரு நாள் சொச்சம் தாங்கும், நெட் நிலையத்துக்கு 16 மணி நேரம்கூடத் தாங்காது.

ஒரு இரவுக்குத் திட்டமிடுவது இந்தக் கரையில் போதாது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுக்குறைந்து, பாம்பன் அருகே நகராமல் நின்றது. அப்படி நின்றால் மழையும் நிற்காது, சூரியத் தகடும் வேலை செய்யாது. 100 வாட் தகடு மூடிய வானத்தில் 10, 15 வாட் தந்தாலே அதிகம். மூன்று நாளுக்குக் கணக்குப் போடுங்கள். வழி நம் ஊரிலேயே இருக்கிறது: வீட்டு இன்வெர்ட்டர்களுக்கு வைத்திருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள். இன்வெர்ட்டர் வழியாக எடுக்காமல் 12 வோல்ட்டை நேரடியாக எடுங்கள். இன்வெர்ட்டர் குறுகிய அலையில் இரைச்சல் போடும், மின்சாரத்தையும் வீணாக்கும். எந்தெந்த வீட்டில் பேட்டரி கேட்டால் தருவார்கள் என்று பட்டியல் வைத்திருங்கள்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ்: 25 வாட் செட்டுக்கு 15 ஆம்பியர், 100 வாட் செட்டுக்கு 30. வயர் தடிமனைக் கவனியுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் 3 மீட்டர் போனால், போக வர 6 மீட்டர்; 20 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் அதிலேயே விழும். பேசத் தொடங்கியதும் செட் அணைந்து எழும், பேட்டரி போய்விட்டது என்று நினைப்பார்கள். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். கேட்க முடிகிறவரை பவரைக் குறைத்தே பேசுங்கள்.

முகாமில் உட்காருவது

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளில் 10 வரை ஆபத்தின் அளவைச் சொல்பவை. 11-ஆம் எண்ணுக்குப் பொருள், புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலையை எதிர்பார்க்கலாம் என்பது. நாம் பயிற்சி எடுப்பது அந்த நிலைமைக்காக. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி புயலில் அழிந்தபோது தீவின் நிலை அதுதான். இன்றும் தீவுக்குச் சாலை ஒன்றுதான், 1988-இல் திறந்த பாலத்தின்மேல். செல்போன் கோபுரங்களில் பேட்டரியும் டீசலும் தீரும்வரைதான் போன். ஆகவே ஆட்கள் காற்று எழும் முன்பே தீவுக்குள் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது பாரதி பிரசாத்தின் ஹாம் குழு வேறு காரணத்துக்காகப் போர்ட் பிளேரில் ஏற்கெனவே நிலையம் அமைத்திருந்தது. அதனால்தான் உடனே செய்தி கடத்த முடிந்தது. பின்னால் கிளம்பிப் போகிறவர் வழியில் மாட்டிக்கொண்டு, காப்பாற்றப்பட வேண்டிய இன்னொருவர் ஆகிவிடுவார்.

நிலையத்துக்கு இரண்டு பேர், 6 மணி நேர முறை. ஒருவர் பேச, ஒருவர் எழுத. மேசையைக் கிராம நிர்வாக அலுவலர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள், கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் வரும் பாதி வாக்கியம் முகாம் முழுக்க வதந்தியாகிவிடும். ‘கண்மாய் உடைந்துவிட்டது’ என்பது ஒவ்வொரு மழையிலும் வரும். நேரில் பார்த்தவர் பெயர், பார்த்த நேரம், எந்தக் கரை என்று மூன்றும் இல்லாமல் அதை அலையில் ஏற்றாதீர்கள்.

செய்தி எப்போதும் எழுதிவிட்டுத்தான் பேச வேண்டும். ஒரு மாதிரி:

எண் 14. அவசரம். முகாம் 4, தங்கச்சிமடம். நேரம் 21:40. பெறுநர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. முகாமில் 230 பேர். நிறைமாதக் கர்ப்பிணி 1. வலி தொடங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் தேவை. ஒப்பம், கிராம நிர்வாக அலுவலர்.

ஒப்பம் இடுகிறவர் அதிகாரி. நாம் சுமப்பவர்கள் மட்டும். ‘கர்ப்பிணி’ என்பதை ‘நோயாளி’ என்று நல்லெண்ணத்தில் மாற்றினாலும் தவறு. இங்கிருந்து ராமநாதபுரத்துக்குள் மூன்று கை மாறும், ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் மாறினால் வேறு செய்தி போய்ச் சேரும். ஒவ்வொரு தாவலிலும் வாங்கியவர் முழுதாகத் திருப்பிப் படிக்க வேண்டும். அனுப்பியவர் ‘சரி’ என்று சொன்ன பிறகே அடுத்த தாவல்.

எண்களில்தான் அதிகம் பிழை வரும். இரைச்சலில் அறுபது, எழுபது, எண்பது, ஒன்பது எல்லாமே ‘பது’ என்றுதான் கேட்கும். ஆறும் நூறும் அப்படியே. ஆகவே இலக்கம் இலக்கமாக, ஆங்கில எண்ணில்: டூ, த்ரீ, ஜீரோ. ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். தங்கச்சிமடம், அக்காள்மடம், புதுமடம். பிரப்பன்வலசை, குஞ்சார்வலசை, சாத்தக்கோன்வலசை. வால் மட்டும் கேட்டால் எந்த ஊர் என்று தெரியாது. முகாம்களுக்கு எண் கொடுத்து, எண்ணையும் ஊரையும் சேர்த்தே சொல்லுங்கள். நெட் நடத்துகிறவர் மணிக்கு ஒருமுறை பெயர் கூப்பிட்டு வருகை பார்ப்பார். செய்தி இல்லையென்றால் ‘செய்தி இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு அழைப்புக்குறியோடு விலகுங்கள். அவசரம் என்று ஒருவர் குறுக்கிட்டால் மற்றெல்லோரும் வாய்மூட வேண்டும், நலம் விசாரிப்புச் செய்திகள் காலையில் போகட்டும்.

பைக்குள் இருக்க வேண்டியதில் மறந்துபோகிறவை மட்டும்: பென்சில் (நனைந்த தாளில் பேனா எழுதாது), கார்பன் வைத்த நோட்டு, தலையில் மாட்டும் டார்ச், ஹேண்டிக்கு 49 சென்டிமீட்டர் வயர் ஒன்று. அந்த வயரை ஹேண்டி ஆன்டெனாவின் அடிவளையத்தில் மாட்டித் தொங்கவிட்டால் ரப்பர் ஆன்டெனா கணிசமாக நன்றாகப் பேசும். செலவு ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். 12 வோல்ட் பேட்டரி, கயிறு, முடிச்சு, காற்று, இவற்றில் அவர்களுக்குத் தெரிந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. தேர்வுக்கு அவர்களைப் படிக்க வைப்பதும் அந்த இரண்டு மாதத்தில் நடக்கும்.

கட்டுப்பாட்டு அறை ‘விலகலாம்’ என்று சொல்லும்வரை, போன் வந்துவிட்டாலும், நிலையத்தைக் கலைக்காதீர்கள். வந்த போன் மீண்டும் போவது வழக்கம். விலகியபின் செய்திநோட்டின் கார்பன் நகலை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கனெக்டர், திருகாணி, ஆன்டெனாக் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். இரவல் பேட்டரிகளை அன்றைக்கே முழுதாக சார்ஜ் ஏற்றி, உரியவர் வீட்டில் மாட்டிக் கொடுத்துவிட வேண்டும். காலியாகச் சில நாள் கிடந்தாலே ஈயத்தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுவிடும். அடுத்த புயலுக்கு அந்த வீட்டில் போய்க் கேட்க முடியாது.